மச்சான் கொடுத்த கிளிப் கத்தி

பம்பாயில் வேலை பார்க்கும் என் மச்சான், போன வாரம் லீவுக்கு ஆனைக்கரை வந்தபோது எனக்கு ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்தார். பேனா மாதிரி பாக்கெட்டில் மாட்டிக்கொள்ள அதில் ஒரு கிளிப்.

"எப்பவும் கையோட இருக்கும் மாப்ள," என்றார்.

இன்று காலை எதிர்வீட்டு செல்லம்மா அக்கா அலறினார். "தம்பி, ஓடி வாங்க! மாடு சரிஞ்சு கெடக்கு, கயிறு கழுத்த நெரிக்குது!"

ஓடினேன். ஏலத்தோட்டச் சரிவில் பசு கண் பிதுங்கிக் கிடந்தது. கத்தியை இழுத்தேன், வரவில்லை. கிளிப் அவ்வளவு இறுக்கம். பலம்கொண்ட மட்டும் இழுத்ததில், புது பெல்பாட்டத்தின் பாக்கெட்டும் கிழிந்து கூடவே வந்தது.

சரியென்று கயிற்றை அறுக்கப் போனால், அலகு ஒல்லியாக வளைந்து வழுக்கிக்கொண்டே போகிறது. நுனி மட்டும் ஊசி மாதிரி. ஊசியை வைத்துக்கொண்டு கயிற்றை என்ன செய்வது?

பிடிக்கு ஒட்டின இடத்தில் விரலகலம் நேராக இருந்தது. அங்கே வைத்து ரம்பம் போல இழுத்தேன். அக்கா மாட்டின் தலையைத் தாங்கிக்கொண்டு அழுதார்.

என் பின்னாலேயே ஓடி வந்து நின்ற மச்சான் சொன்னார்: "பாத்து மாப்ள, கூர் மழுங்கிரப் போகுது."

ஒருவழியாகக் கயிறு அறுந்தது. பசு மூச்சு வாங்கி எழுந்து, நேராக என் பீன்ஸ் பந்தலுக்குள் நுழைந்துவிட்டது. அக்கா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது என் மனைவி பாக்கெட்டைத் தைத்துக்கொண்டே, "எங்கண்ணன் ஆசையா குடுத்ததக் கொற சொல்லாதீங்க," என்கிறாள்.

அண்ணன் உள்ள வீட்டில் பெண் எடுத்தவர்களே, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?