தோஹாவிலிருந்து மாளிகைக்காடு

தோஹாவுக்கும் கொழும்புக்கும் இடையே பறக்கும் தூரம் சுமார் மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், நேரம் நாலே முக்கால் மணி என்று ஓர் இணையப் பக்கம் சொன்னது. இரண்டும் சரி. பிழை என்னுடையது.

என் தங்கையின் மகளுக்கு நிக்காஹ். அவளுடைய வாப்பா, என் மச்சான், தோஹாவில் சாரதி. லீவு இழுபட்டு, நிக்காஹ் நாளின் காலையில் வந்திறங்கும் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு. அதோடு நாலே முக்கால் மணியைக் கூட்டி, விடிய நாலேகாலுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம், எட்டு மணி நேரப் பாதை, நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் எங்கள் ஊர் கல்முனைக்குடி என்று தங்கையிடம் சொன்னேன். என்னை நம்பி லுஹருக்குப் பிறகு என்று நேரம் குறித்தார்கள். தோஹா மணிக்கூட்டுக்கும் நம்முடையதற்கும் இரண்டரை மணி வித்தியாசம் இருப்பதை, பத்திரிகையில் பிறர் பிழையைத் திருத்தியே பழகிய நான் மறந்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு மச்சான் போன் எடுத்து, இப்போதுதான் இறங்கியதாகச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் பிழை திருத்துற ஆள் நீங்க, காக்கா" என்றாள் தங்கை.

நிக்காஹ்வில் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்க வேண்டும். வர முடியாதவர் வேறொருவரைப் பொறுப்பாக்கலாம். வளைகுடாவில் உழைப்பவர்கள் நிறைந்த எங்கள் ஊரில் அது போனிலேயே நடப்பதுண்டு. மாப்பிள்ளையின் பெரியப்பா அதைத்தான் கேட்டார். நிக்காஹ் நடத்தும் மௌலவிக்குப் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்றில் இன்னொரு நிக்காஹ். இரண்டே முக்காலுக்குமேல் நிற்க முடியாது என்றார்.

அறைக்குள் போய் மணமகளிடம் கேட்டேன். தன் கல்யாணப் பேச்சைக்கூட வாப்பா போன் திரையில்தான் பார்த்தார் என்றாள். பிறகு,

"போன்ல குடுக்க நான் என்ன பார்சலா, மாமா? வாப்பா வரட்டும்."

இரண்டு மணிக்கு மச்சான் அம்பாறையை நெருங்கிக்கொண்டிருந்தார். இனி வேகமாக வந்தாலும் மூன்றேகாலாகும். தங்கை அழத் தொடங்கினாள். மணமகள் அழவில்லை.

"மௌலவி அக்கரைப்பற்றுக்குப் போறது காரைதீவுச் சந்தியாலதானே? வாப்பா அம்பாறையால வந்து மெயின் ரோட்டுல ஏறுறதும் அந்தச் சந்தியிலதானே? எல்லாரும் இங்க குந்திக்கிட்டு இருந்தா எப்பிடி? போங்க."

அவ்வளவுதான். இணையப் பக்கமும் நானும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தூரத்தை அளந்துகொண்டிருந்தோம்.

மௌலவியிடம் சொன்னேன். சந்திக்குச் சற்று முன்னே, மாளிகைக்காட்டில் தெருவோரம் பள்ளிவாசல் இருக்கிறது என்றார். மாப்பிள்ளையோடு ஆறு வாகனங்கள் கிளம்பின. பெரியப்பா என் பக்கத்தில் இருந்துகொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டை விட்டு வெளியே போவதை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மச்சானின் வேன் இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றது. முதல் நாள் போட்ட சட்டை, கழுத்தில் பயணத் தலையணை. குழாயில் முகம் கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு ஈரக் கையோடு உள்ளே வந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். வார்த்தைகளை மௌலவி சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. வழியெல்லாம் பாடமாக்கியிருந்தார். மூன்று எட்டுக்கு மௌலவி அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டார்.

மாப்பிள்ளைக்கு அலங்கரித்த கார் வெறுமையாகத் திரும்பியது. அவர் மாமனாரோடு அந்தத் தூசி படிந்த வேனில் ஏறிக்கொண்டார். கல்முனைக்குடியில் வேன் நின்றபோது வாசலில் நின்ற மணமகள், மாப்பிள்ளையைத் தாண்டிப் போய் வாப்பாவின் கழுத்திலிருந்த தலையணையைக் கழற்றினாள்.