தப்பு எந்த நாளில் வந்தது

ராஜம்மாளை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக எனக்குச் சொல்லி அனுப்பியவர் அவளுடைய முதலாளிதான். பினாங்கு பீச் தெருவில் அவருக்குக் கப்பல் சரக்கு ஆபீஸ். அங்கே டைப் அடிக்க வந்த முதல் பெண் அவள், என் சிபாரிசில் சேர்ந்தவள். நான் சீமையில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஊரில் பாதிப் பேர் அதை ஜோசியம் என்று நினைத்தார்கள்.

ஏன் என்று நேரில் போய்க் கேட்டேன். "மாசாமாசம் மூணு நாள் லீவு போடுறா மிஸ். அந்த நாள்ல பொம்பளைக்குப் புத்தி தடுமாறும்னு டாக்டரே சொல்றாரு லா. தப்பா அடிச்சா என் சரக்கு வேற ஊருக்குல்ல போயிரும்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபித்தால் அதற்கும் 'அந்த நாள்' என்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு மாசம் பொறுங்க முதலாளி. தினமும் ராஜம்மாளும், டைப் அடிக்கிற உங்க ஆம்பளைக் கிராணிங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் அடிக்கட்டும். பேரையும் தேதியையும் மறைச்சுத் தாளைத் தர்றேன். தப்பைப் பார்த்து, அவளோட அந்த நாள் எதுன்னு நீங்களே காட்டுங்க. சரியா காட்டிட்டா அவளை அனுப்பிருங்க."

சிக்கல் ராஜம்மாளின் வீட்டில் இருந்தது. அந்த நாட்களில் அவளைப் பின்கட்டில் ஒதுக்கி உட்கார வைப்பவள் அவளுடைய அம்மா. லீவுக்குக் காரணமே அதுதான்.

"அம்மாகிட்டச் சொல்லவே மாட்டேன் மிஸ். சொன்னாத்தானே உக்கார வைப்பாங்க?" என்றாள் ராஜம்மாள். ஒரு நாள்கூட விடாமல் வேலைக்கு வந்தாள். அவளுடைய நாட்கள் எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி தாள்களைப் புரட்டினார். தப்பு மலிந்த ஒன்றை உருவி, "இது சத்தியமா அந்த நாளு!" என்றார்.

மறைத்திருந்த பெயரையும் தேதியையும் காட்டினேன். பெரிய கிராணி! அது திங்கட்கிழமைத் தாள். ஞாயிறன்று அவர் கள்ளுக்கடையில் இருந்தது ஆபீசுக்கே தெரியும். முதலாளிதான் முதலில் சிரித்தார். ராஜம்மாள் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் அடித்திருந்தாள். அவள் வேலை நிலைத்தது.

விஷயம் கசிந்து, அவளுடைய அம்மா என் வீட்டுக்குச் சண்டைக்கு வந்தாள். "எம்பொண்ணைப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே!" என்று கத்தினாள். உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த நாட்களில் அவள் மகளுக்குக் கையும் தடுமாறவில்லை, புத்தியும் தடுமாறவில்லை என்றேன்.

"அப்ப நான் இத்தன வருசம் பின்கட்டுல சும்மாதான் உக்காந்திருந்தேனா மிஸ்?"

அதன்பிறகு எந்த ஆபீசில் இதே சோதனையைச் செய்தாலும், முடிவை முதலில் அங்கே வேலை பார்த்த பெண்களின் அம்மாக்களுக்குத்தான் சொன்னேன். முதலாளிமார் காத்திருந்தார்கள்.