பேட்லாக் ஆபரேட்டர், ஆறு வருடம்

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் என் மேஜைக்கு ஒரு பயோடேட்டா வந்தது. ஆளெடுக்கும் வேலை இப்போது என் தலையில்தான் விடிந்திருக்கிறது. படித்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அனுபவம் என்ற இடத்தில் ‘பேட்லாக் ஆபரேட்டர்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதாவது, பூட்டு ஓட்டுகிறவர். அதற்கு மேலே ‘சேலஞ்சிங்’ என்ற வார்த்தையில் ஒரு எழுத்து தப்பு. எந்த மடையன் அடித்தது என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. அந்த மடையன் நான்தான்.

சொல்கிறேன், கேளுங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டிடிபி கடையில் பயோடேட்டா அடித்துக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனையும் சந்திலிருந்து வரும் சாயத்தண்ணி நாற்றமும் சேர்ந்து மத்தியானமானால் தலைவலி வந்துவிடும். குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த பி.காம். என்கிற திமிர் வேறு. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: “நீங்களே பாத்து எதாச்சும் போட்டு உடுங்க.” எதையாவது என்றால் எதை? நானும் ஒரே ஃபைலைத் திறந்து, பேரையும் அப்பா பேரையும் மட்டும் மாற்றுவேன். ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தைக்கூடத் தொடமாட்டேன்; திருப்பூரில் பாதிப்பேருக்கு என் புண்ணியத்தில் ஸ்டாம்ப் சேகரிக்கும் பழக்கம் இருந்தது.

டீசர்ட்டின் அடிமடிப்பைத் தைக்கிற மெஷினுக்கு ஃபிளாட்லாக் என்று பேர். எங்கள் ஊர் வாயில் அது பேட்லாக். கம்பத்துக்குக் கம்பம் ‘பேட்லாக் டெய்லர் தேவை’ என்றுதான் ஒட்டியிருக்கும். நான் இங்கிலீஷ் தெரிந்தவன் அல்லவா, பூட்டுக்கு உண்டான ஸ்பெல்லிங்கை அழகாகப் போட்டு வைத்தேன்.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். நாசரேத் பக்கத்துப் பெண். காண்ட்ராக்டில் பேட்லாக் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலியாம்.

“அங்க குடும்பத்தோட இருக்க ரூம் தாராவளாம் அண்ணாச்சி. பிள்ளைய ஊர்ல அக்கா வீட்ல விட்டுட்டு வந்துருக்கேன். இந்த வேல கெடச்சா கூட்டிட்டு வந்துருவேன். கொஞ்சம் நல்லா அடிச்சித் தாங்க.”

ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறாள். நூல் டென்ஷன் மாறினால் மெக்கானிக்குக்குக் காத்திருக்காமல் அவளே சரி செய்துவிடுவாள். ஒரு டஜன் பெண்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “இதெல்லாம் போடணுமா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் வேண்டாமுங்க, ஃபார்மட்டுல வராதுங்க” என்றேன். என் வாயில் அவள் ஒரு அறை விட்டிருக்கலாம். இன்றைக்கு யாராவது பயோடேட்டா எப்படி எழுதுவது என்று கேட்டால், அன்று அவள் சொன்ன மாதிரி எழுது என்பேன். அன்று அவளுக்கும் ஸ்டாம்ப் சேகரிப்பைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“அந்த மேனேஜர் சிரிக்காரு அண்ணாச்சி. இங்க பூட்டு செய்யலம்மான்னு சொல்லிட்டாரு. மெஷின்ல உக்கார வச்சுப் பாருங்கன்னேன். காதுலயே வாங்கல.”

வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஆளாம். பனியன் கம்பெனியில் பேட்லாக் என்றால் என்னவென்று பக்கத்தில் நிற்கிற செக்கிங் பெண்ணைக் கேட்டிருந்தால் போதும். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே! அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, “ஸ்பெல்லிங்தானுங்க, இப்பவே மாத்திக் குடுத்தர்றனுங்க” என்று பிரிண்ட் போட ஆரம்பித்தேன்.

“வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ அண்ணாச்சி. நீங்க படிச்சவுக, சரியாத்தான் இருக்கும்னு நான் யாருட்டயும் காட்டிக் கேக்கக்கூட இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போய்விட்டாள். திருத்திய தாள் பிரிண்டரிலேயே கிடந்தது. அந்த ஒரு தாளில் திருத்தினேனே தவிர, மூல ஃபைலைத் திருத்தவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன? அந்த ஃபைலைத்தான் நாலைந்து கடைக்காரர்கள் பிளாப்பியில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

போன வாரம் வந்த பயோடேட்டாவுக்கு உரிய பெண்ணைக் கூப்பிட்டு, முதலில் மெஷினில் உட்கார வைத்தேன். தையல், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. “ஸ்டாம்ப் சேகரிப்பீங்களாம்மா?” என்று கேட்டேன். “அப்படின்னா என்னங்க சார்?” என்றாள். எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது வாசலில் நின்று, “பாப்பாவக் கூட்டீட்டு வந்து இருக்கற மாதிரி ரூம் ஏதாச்சும் தருவீங்களாங்க சார்?” என்றாள்.

முன்பு எங்கள் கம்பெனிக்குப் பின்னால்கூட வரிசையாக அப்படி ரூம்கள் இருந்தன. இடித்து ஷெட் போட்டாயிற்று. “இல்லீங்கம்மா, ஹாஸ்டல்ல ஒரு கட்டில்தானுங்க” என்றேன். அந்த டிடிபி கடை போயிற்று, பிளாப்பி போயிற்று, பிள்ளையோடு தங்குகிற ரூம்களும் போயின. எஸ்தர் எங்கே போனாளோ தெரியாது. நான் அடித்த தப்பு மட்டும் இன்னும் ஊருக்குள் வேலை தேடி அலைந்துகொண்டிருக்கிறது.