கீரனூர் தாண்டும் வரை மூடியிருந்த பை

மடியில் இருந்த பையின் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒரு டவல், டவலுக்குள் ஒரு குட்டி நாய். யார்க்ஷயர் டெரியர். பெயர்தான் நீளம், ஆள் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான்.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ், ஜன்னலோர சீட். ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்துவைத்து, மேலே துப்பட்டாவைப் போட்டு மறைத்து உட்கார்ந்திருந்தேன்...

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். அப்போது எனக்கு அறந்தாங்கியில் ஒரு ஸ்கூல் ஆபீசில் வேலை. கணவர் மஸ்கட்டில். வாடகை வீட்டில் நான் மட்டும். எதிர்வரிசையில் ஒரு வீட்டைப் பட்டப்பகலில் பூட்டை உடைத்துத் துடைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பேன். வாசலில் ஆள் நின்றால் குரைத்துச் சொல்ல வீட்டில் ஓர் உயிர் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஹவுஸ் ஓனர், "பெரிய நாயெல்லாம் வேணாம்மா. பூனை சைசுல ஏதாவதுன்னா வச்சுக்கங்க" என்றார். டெரியர் என்றால் உடம்பு சின்னது, வாய் மட்டும் ஓயாது என்று ஸ்கூலில் ஒரு டீச்சர் சொன்னார். அதனால் அது.

திருச்சியில் குட்டி விற்பவர் வீட்டில் நான்கு இருந்தன. இரண்டு என் துப்பட்டாவைக் கடித்து இழுத்தன. ஒன்று செருப்பின் மேல் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கத்தியது. நான்காவது மூலையில் சும்மா படுத்திருந்தது. பஸ்ஸில் சத்தம் போட்டால் கண்டக்டர் இறக்கிவிடுவாரே என்ற ஒரே கவலை எனக்கு. "இதையே குடுங்க" என்றேன். குரைக்கிற நாய் வேண்டும் என்று போய், குரைக்காத குட்டியாகப் பார்த்துப் பொறுக்கிய அறிவாளி நான்.

அதோடு விட்டேனா? அவர் சோற்றைக் குழைத்துத் தட்டில் கொண்டுவந்தார். நான் தடுத்தேன். "வேணாங்க, பஸ்ல வாந்தி எடுத்துரும்." எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பஸ் பயணம் என்றால் ஊர் போய்ச் சேரும் வரை பச்சைத்தண்ணி பல்லில் படக் கூடாது.

"சின்னக் குட்டிம்மா, பசி தாங்காது" என்றார் அவர்.

"ரெண்டு மூணு மணி நேரந்தானேங்க."

பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்ததுமே பாதி உயிர் போய்விட்டது. நல்ல உயரம், கட்டைக் குரல். ஒருவர் மூட்டையோடு ஏறியதற்கு, "இதென்ன லாரியா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். அவர் என் பக்கம் வரும்போதெல்லாம் நான் பொய்யாக இருமினேன். குட்டி ஒரு முனகல்கூட இல்லை. சமர்த்து என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கீரனூர் நெருங்கும்போதுதான் உறைத்தது... தொடையில் அந்தச் சூடு இல்லை.

கையை உள்ளே விட்டேன். காது ஜில்லென்று இருந்தது. தலையைத் தூக்கினால் துணி போலத் தொங்கியது. ஈறு வெளுத்திருந்தது. மூச்சு இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை எடுத்துவிட்டு, துப்பட்டாவைத் திரும்பவும் இழுத்து மூடினேன்.

கீரனூரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. கண்ணெதிரே டீக்கடை, மெடிக்கல், நடமாடும் ஜனம். இறங்கியிருக்கலாம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கண்டக்டர் கத்துவாரே, செத்த நாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்குமே... அந்தப் பயத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த ஸ்டாப்பும் போனது. அப்போது பைக்குள் ஒரு கால் வெட்டி இழுத்தது, என் தொடையில் பட்டது. எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே... நாய்க்குட்டிண்ணே... செத்துருமாட்டமிருக்கு..."

வந்தார். பையைப் பார்த்தார். கத்தவில்லை.

"எப்பத் தின்னுச்சு?"

"திங்கலண்ணே. நாந்தான் குடுக்க விடல."

"ஆட்டுக்குட்டியும் இப்புடித்தான், வெறும் வயித்தோட கெடந்தா வெரைச்சுக்கிரும். சீனி கெடைச்சாப் போதும்." ஒற்றை விசில் கொடுத்தார். நார்த்தாமலை விலக்கில் பஸ் நின்றது. அவரே டீக்கடைக்கு ஓடி, பேப்பரில் சீனியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வாங்கிவந்தார். விரலை நனைத்துச் சீனியைத் தொட்டு எடுத்தார்.

"இங்கிட்டுத் திருப்பிப் பிடி ஆத்தா. வாயில ஊத்திராத, பொரையேறிரும். ஈறுல தேச்சுக்கிட்டே வா." பிறகு சொன்னார், "மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு ஆயிருக்காதுல்ல?"

தேய்த்தேன். டவலோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே வந்தேன். புதுக்கோட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன நாக்கு என் விரலைத் தொட்டது. வாய்விட்டு அழுதேன். இப்போது பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அங்கே அறந்தாங்கி பஸ் ஏறாமல், ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரி. ஊசி, குளுக்கோஸ். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு மாசம் லஞ்ச் பிரேக்கில் வீட்டுக்கு ஓடி ஊட்டிவிட்டு ஓடி வருவேன். மிளகு என்று பெயர் வைத்தேன்.

இப்போது கணவர் ஊரோடு வந்துவிட்டார். வாசலில் கார் நிற்கிறது. மிளகு பின்சீட்டில் ராஜா மாதிரி வருகிறான். கொரியர்காரர், பால்காரர், சுவரில் போகும் பல்லி, யாரையும் விடுவதில்லை. பூட்டைப் பற்றிய பயம் எப்போதோ போய்விட்டது. குட்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். துப்பட்டாவைக் கடித்து இழுக்கிற குட்டியாகப் பாருங்கள், சாப்பாடு கொடுத்துக் கூட்டி வாருங்கள் என்கிறேன். கீரனூரைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவனுக்கு மூஞ்சி நரைத்துவிட்டது. பகலில் அசந்து தூங்கினால் பக்கத்தில் போய் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். "புள்ளையக்கூட இப்புடிப் பாக்க மாட்டாங்க" என்று கணவர் கேலி செய்வார்.

சத்தம் கேட்டு அவன் கண்ணைத் திறப்பான். என்னைக் கண்டதும் வாலாட்டுவான். பஸ் நின்ற அந்த ஐந்து நிமிஷம் அவனுக்குத் தெரியாது.