ஒன்பது மீனுக்கு எண்பத்தெட்டு செவுள்

2022 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. கல்வராயன் மலை மேல் மூட்டம். கீழே கச்சிராயபாளையத்தில் தூறல். குடை விரித்தால் ஊர் சிரிக்கும், விரிக்காவிட்டால் நான் தும்முவேன். விரித்தேன்.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, அணைக்குப் போகும் ரோட்டோரம் மீன் விற்கும் அம்மாவிடம் கெளுத்தி ஒரு கூறு வாங்கினேன். அவரிடம் தராசு கிடையாது. சாக்கு விரித்து, ஒன்பது ஒன்பதாகக் கூறு கட்டி வைத்திருப்பார். கூறு நூற்றைம்பது ரூபாய். நான் இரண்டு தடவை எண்ணினேன்.

"ஒம்போதும் கீதா சார்? இல்ல, ஒண்ணு எழுந்து போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, கொசுறாக இரண்டு மீனைப் பையில் போட்டார்.

கல்லூரியில் முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, மீன் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களைப் பார்த்து வருகிறேன். ஒரு புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் பின்பக்கத்தில் பெரிய கொக்கி நான்கு, சின்னக் கொக்கி பதினான்கு. எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே பிறந்த பிராணி. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

எங்கள் வீட்டில் மீன் வந்தால் பாகப்பிரிவினை உண்டு. என் மனைவி மீனை ஆய்ந்து செவுளைப் பிய்த்து என் கிண்ணத்தில் போடுவாள். மிச்சம் குழம்புக்கு. அன்று கிண்ணத்தில் விழுந்த செவுள் வளைவுகள் எண்பத்தெட்டு. நோட்டில் குறித்தேன்: மீன் 9, செவுள் 88.

பகல் இரண்டு மணிக்குள் ஆறு புழுக்கள் கிடைத்தன. கெளுத்தியில் நான் பார்த்துப் பழகிய புழுவுக்கு ஆணுறுப்புக் குழாய் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். இதற்கு இரண்டரைச் சுற்று. ஆறிலும் இரண்டரை. புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். இப்படி ஒன்றை யாரும் எழுதவில்லை. எழுபத்தொரு வயதில் எனக்கே எனக்கென்று ஒரு புதுப் புழு. ஆறையும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பில் கிடந்ததை எல்லாம் சாப்பிட்டேன்.

ஐந்து மாதம் கொக்கிகளை அளந்து, படம் வரைந்து, ஓர் ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரையை அனுப்பினேன். ஆகஸ்டில் பதில் வந்தது. முகம் தெரியாத ஓர் அறிஞர் படித்திருந்தார். படங்கள் பிரமாதம் என்று ஒரு வரி. பிறகு இரண்டு கேள்வி. ஒன்று: கெளுத்தியில் பல வகை உண்டு, இது எந்தக் கெளுத்தி, அந்த மீன் எங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது? இரண்டு: ஒரு மீனுக்குச் செவுள் வளைவு எட்டு; ஒன்பது மீனுக்கு எழுபத்திரண்டுதான் வரும்; மிச்சம் பதினாறு யாருடையது? தொண்ணூறு நாளில் விளக்கம் வராவிட்டால் கட்டுரை திரும்பி வரும்.

முதல் கேள்விக்கு உண்மையான பதில், மீன் என் வயிற்றில் பாதுகாக்கப்பட்டது என்பது. இரண்டாவதற்குப் பதிலே தெரியவில்லை. கடிதத்தோடு சமையலறைக்குப் போனேன்.

"பதினாறு செவுள் ஜாஸ்தியா வருது. எப்படி?"

"கொசுறு ரெண்டு இருந்துச்சே. அத இன்னா பண்ணீங்க?"

எழுபத்தொரு வருடத்தில் கொசுறை நான் எண்ணியதே இல்லை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, மீன், எதுவானாலும் காசு கொடுத்ததுதான் கணக்கு. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். பதினான்கு கொக்கியை எண்ணியவன், இரண்டு முழு மீனை விட்டிருக்கிறேன்.

"அந்த ரெண்டும் வேற கெளுத்திங்க. மத்ததுக்கெல்லாம் ஒடம்புல கோடு இருந்துச்சு, அதுங்களுக்கு இல்ல. மீசை வாலு வரைக்கும் தொங்கிக்கினு இருந்துச்சு."

"எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"அன்னிக்கி கொழம்பு எப்படி கீதுன்னு கேட்டேன். அதுக்கே நீங்க பதில் சொல்லல."

அடுத்த ஞாயிறு மீன்கார அம்மாவிடம், கோடு இல்லாத கெளுத்தியை மட்டும் விலைக்குக் கேட்டேன். முடியாது என்றார்.

"அது எப்பவோ ஒண்ணு ரெண்டு வலையில வர்ற மீனு. கொசுறுக்குன்னு ஒதுக்கறது. கொசுறுக்குக் காசு வாங்கினா யாவாரம் வெளங்காதுங்க. கூறு வாங்கு, தானா வரும்."

வாங்கினேன். ஞாயிறுதோறும் இரண்டு கூறு. இந்தத் தடவை ஒவ்வொரு மீனுக்கும் நம்பர், தனிக் கிண்ணம். கோடு போட்டதில் எல்லாம் ஒரு சுற்றுப் புழுதான். கொசுறாக வந்ததோ ஒரு வாரம் கெண்டை, ஒரு வாரம் ஜிலேபி மீன். என் மனைவி எதிர்வீட்டுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் குழம்பு அனுப்பினாள். ஏழாவது ஞாயிறு எதிர்வீட்டில் கதவைத் திறக்கவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் என் பையை முகர்ந்துவிட்டுக் கடைசி சீட்டைக் காட்டினார். தொண்ணூறு நாளில் அறுபது கழிந்தது, எழுபது கழிந்தது. புழு மலைக்கே போய்விட்டதோ என்று படுத்தால் தூக்கம் இல்லை.

பதினோராவது ஞாயிறு. முந்தின நாள் மலையில் நல்ல மழை, அணைக்குப் புதுத் தண்ணீர். அந்த அம்மா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "வா கொசுறு சாரு" என்றார். இரண்டு கூறு கட்டி, மேலே ஒரே ஒரு மீனை வைத்தார். கோடு இல்லை. மீசை வால் வரைக்கும்.

அன்று யாரையும் அதைத் தொட விடவில்லை. செவுளை நானே வெட்டி எடுத்தேன். எட்டு வளைவில் மூன்று புழு. மூன்றுக்கும் இரண்டரைச் சுற்று. மீனை அப்படியே ஃபார்மலின் பாட்டிலில் இறக்கினேன். என் மனைவி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுதாங்க. இதே மீசைதான். நல்லா ருசியான மீனு."

மறுபடி எழுதி அனுப்பினேன்: பரிசோதித்த மீன், முதல் நாள் பதினொன்று, அதில் கொசுறு இரண்டு. கொசுறு என்றால் என்னவென்று அறிஞருக்கு நான்கு வரியில் விளக்கினேன். கட்டுரை ஏற்கப்பட்டது, அந்த நான்கு வரியை மட்டும் நீக்கிவிட்டார்கள். பாட்டில் மீன் கூரியரில் அருங்காட்சியகத்துக்குப் போனது.

புழு இருந்த மீனுக்கு நான் கொடுத்த விலை ஒன்றுமில்லை. மற்றபடி கூறு இருபத்துமூன்று, பஸ் பன்னிரண்டு தடவை போக வர, ஸ்லைடு, ஃபார்மலின், கூரியர் எல்லாம் சேர்த்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்: ஐயாயிரத்து எழுபத்தாறு ரூபாய்.