ரப்பர் செருப்போடு படுத்தவர்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பம்புசெட் மோட்டார்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவர் அந்தோணிமுத்து. ரப்பர் செருப்பில்லாமல் சுவிட்சுப் பக்கமே போகமாட்டார். வேலை நேரத்தில் மனைவி அமலோற்பவம் காபியோடு வந்தால்கூட, "தொடாத, தள்ளி நில்லு!" என்று கத்துவார்.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. மாத்திரைக்கு மசியவில்லை. மயக்கம் கொடுத்து நெஞ்சில் கரண்ட் வைத்தால் துடிப்பு சீராகிவிடும் என்றார் தஞ்சாவூர் டாக்டரம்மா. அந்தோணிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய ரப்பர் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்று கட்டிலில் அடம்பிடித்தார்.

"போட்டுக்கிட்டே படுங்க, அது ஒண்ணும் பண்ணாது," என்று சிரித்துவிட்டு ஊசியைப் போட்டார் டாக்டரம்மா.

கண் விழித்தபோது, குழாயில் காற்றுப் புகாத பம்பு தண்ணீர் தள்ளுவதுபோல நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்த அமலோற்பவம், பழக்கதோஷம், கட்டிலுக்குத் தள்ளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அங்கயே நிக்கிற? லைனை ஆஃப் பண்ணிட்டாங்க," என்று கையை நீட்டினார். "வா, இப்பத் தொடலாம்."

கிட்டே வந்தவள் முதல் காரியமாக அந்தச் செருப்பைக் கழற்றிக் கீழே எறிந்தாள். அப்புறம்தான் கையைப் பிடித்தாள்.