அப்புச்சியின் ரைபிளுக்கு வந்த விலை

என் அம்மா பிறந்த வீட்டில் பங்கு கேட்டுப் போனது ஒரே ஒரு முறைதான். நிலமில்லை, நகையில்லை; அவளுடைய அப்பா, என் அப்புச்சி, விட்டுப்போன ரைபிளில் பாதி. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

ஆனைமலைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது அப்புச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. அப்புச்சிக்குப் பிறகு லைசென்ஸ் அம்மாவின் அண்ணன், என் மாமன், பேருக்கு மாறி, ரைபிள் கொமரலிங்கம் என்ற ஊரில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதைக் கண்டு ஒரு காட்டுப்பன்றியாவது பயந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருஷம் மாமனின் மனைவி, என் அத்தை, காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். குழந்தைகள் இல்லை. சில வாரம் கழித்து மாமனின் தோட்டத்தில் வேலை செய்பவர் திருப்பூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வீட்டின் முன்பாதியில் அப்பா பனியன் கம்பெனி நடத்திவந்தார். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே வந்தவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தோட்டத்துக்கு வர்றதில்லீங்க. சோறும் எறங்கறதில்லீங்க. அந்தத் துப்பாக்கியத் தொடச்சுத் தொடச்சு மடியில வெச்சுட்டு உக்காந்திருக்காருங்க. எனக்கென்னமோ மனசு செரியில்லீங்க."

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மனுஷன் சோற்றை மறந்து துடைக்கிறார் என்றால், அது பெரிய விலை பெறும்.

அம்மாவுக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் அன்று சாயங்காலமே, ரைபிளை விலை மதித்துத் தன் பாதியைக் கேட்கப்போவதாக அவள் அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"மச்சாங்கிட்டப் பங்கு கேக்கற நெலமையிலயா நான் உன்னைய வெச்சிருக்கறேன்?"

"எங்கப்பன் சொத்துங்க. எனக்கு வேணும்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சில வார்த்தைகளை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

மறுநாள் அம்மாவோடு நானும் கொமரலிங்கம் போனேன். அங்கே சொந்தக்காரப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள், கருமாதி ஈரம் காயுமுன் பங்குக்கு வந்துவிட்டாள் என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமனை உட்டு ஒரு அடி நகரக் கூடாது கண்ணு. எங்க போனாலும் கூடவே போ" என்றாள்.

மாமன் ரைபிளை ஒளித்துவிடுவார் என்று அம்மாவுக்குச் சந்தேகம். அதற்குத்தான் நான் காவல். அப்படித்தான் அதை எடுத்துக்கொண்டேன். அவர் வாசலுக்குப் போனால் வாசலுக்குப் போனேன். வாய்க்காலுக்குப் போனால் படியில் உட்கார்ந்து அவர் குளித்து முடிக்கும்வரை கண் கொட்டாமல் பார்த்தேன். அவர் தண்ணீரில் முங்கினால், தலை வெளியே வரும்வரை எனக்கும் மூச்சு முட்டும். அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் ஈரத்தலையோடு அவர் கேட்டார். "என்னையக் காவல் காக்கச் சொன்னாளா உங்கம்மா?"

"ஆமாங்க மாமா."

துண்டை உதறித் தலையைத் துவட்டினார். "செரி, காத்துக்கோ கண்ணு" என்றார்.

அம்மா விடவில்லை. விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தினமும் நச்சரித்தாள். கடைசியில், தங்கையின் தொல்லை தாங்காதவர்போல மாமன் கிளம்பினார். ரைபிளைச் சாக்கில் சுற்றிக் கட்டி, மூவரும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். கடப்பாரையா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாங்க என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் வயதானவர். குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார், கட்டையைத் தடவினார், விசையை இழுத்துப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் விலை இறங்குவதாக எனக்குப் பட்டது.

"மரம் நல்ல மரமுங்க. ஆனா இந்தச் சைசுக்குத் தோட்டா வந்தே ரொம்பக் காலமாச்சு. தோட்டா இல்லீன்னா ஒலக்கைதானுங்களே" என்றார்.

மாமன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். துணியில் பொதிந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார்.

"ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

என் தோளில் இருந்த அம்மாவின் கை நகம் பதியும்படி இறுகியது. கடைக்காரர் மாமனைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். தோட்டா இருக்கிறது, இனி விலை ஏறத்தானே வேண்டும்?

"அதையும் நீங்களே எடுத்துக்கங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதைக் குடுங்க" என்றாள் அம்மா.

அவர் சொன்ன விலை குறைவென்று எனக்கே தெரிந்தது. கொத்தமல்லித் தழைக்கு நாலு கடை ஏறி இறங்குகிற என் அம்மா, சரி என்று தலையாட்டினாள். மாமன் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அம்மா பணம் முழுவதையும் மாமன் கையில் திணித்துவிட்டு, கடைப் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நல்ல விலை வராத துக்கம் என்று நினைத்தேன். மாமன் அவளருகே உட்கார்ந்து, "உடு அம்மிணி" என்றார்.

"கொஞ்ச நாளைக்கு எங்கூட்டுல வந்து இருங்கண்ணா. கம்பெனிக்கும் ஒரு ஆள் வேணுமுங்க."

"செரி" என்றார் மாமன்.

திருப்பூர் பஸ்ஸில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அவிநாசி தாண்டுவதற்குள் மாமன் என் தோளில் தலை சாய்த்து, வாய் திறந்து, குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுப்பீராத கண்ணு" என்றாள்.

தோள் வலித்தது. அசையாமல் இருந்தேன். மாமன் கண் விழித்ததும் முதல் வேலையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்: அந்தக் கடைக்காரர் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார், தோட்டாவுக்காவது தனியாக விலை கேட்டிருக்க வேண்டும்.